அன்று இடி இடிக்கவில்லை

டகாவோகா
1996 செப்டம்பர் 8

அன்புள்ள அண்ணிக்கு,

இலையுதிர் காலம் பிறந்து ஒரு மாதம் ஆகியும் வெயில் மட்டும் போக மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறது. ஹிமியில் உங்களுக்குக் கடல் காற்றாவது இருக்கும். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இரண்டு முறை தொலைபேசியில் கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். லைன் சரியில்லை என்று என் மனைவியிடம் சொல்லிக்கொண்டேன்.

நல்ல செய்தி. நம் விரிகுடாவின் பருவச்சொல் அகராதி ஒருவழியாக அச்சுக்குப் போகிறது. அண்ணனும் நானும் பாதி ஆயுளைக் கொட்டிச் சேர்த்த சொற்கள். வசந்தம், கோடை, இலையுதிர், குளிர், புத்தாண்டு என்று ஐந்து பகுதி. ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே, அதை வைத்து நம் ‘உப்புக் காற்று’ கவிதை வட்டத்தார் எழுதிய ஹைக்கூ. அண்ணனின் முதலாண்டு நினைவு நாளன்று, டிசம்பர் 12, கோயிலில் பிரார்த்தனை முடிந்ததும் வெளியீடு. நீங்கள் முதல் பிரதியை வாங்கிக்கொள்ள வேண்டும்.

அச்சுக்கூடத்திலிருந்து வந்த திருத்தப் படியில் ஒரு தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். குளிர்காலத்தின் முதல் சொல், ‘மீன் எழுப்பும் இடி’. மற்ற ஊர்க்காரர்கள் இதற்கு இரண்டு வரி ஒதுக்குவார்கள். மஞ்சள்வால் மீன் வலைக்கு வருவதற்கு முன் கடலில் உருளும் அந்த இடியை அவர்கள் கேட்டிருந்தால்தானே? நாம் முழுப் பக்கம் கொடுத்திருக்கிறோம். அதன் தலையில் அண்ணனின் கடைசிக் கவிதை:

மீன் எழுப்பும் இடி—
செருப்புச் சத்தம் எல்லாம்
அடுத்த அறைக்கு

நீங்கள் எழுதி அனுப்பிய வரிகளில், ஹைக்கூவுக்குக் கட்டாயமான பருவச்சொல் விடுபட்டிருந்தது. ஆஸ்பத்திரிப் படுக்கையில் யாருக்குத்தான் விடுபடாது? சற்றுச் சரிசெய்துவிட்டேன். இனி அண்ணனுக்கு ஒரு குறையும் இல்லை.

புத்தகத்தில் போட அண்ணனின் நல்ல புகைப்படம் ஒன்று இருந்தால் அனுப்புங்கள். ஐஸ் தொழிற்சாலைச் சீருடையில் இருப்பது வேண்டாம்.

வணக்கத்துடன்,
ரென்சோ


ஹிமி
1996 செப்டம்பர் 13

திரு. ஹமாதானி ரென்சோ அவர்களுக்கு,

வெயில், காற்று, நலம் விசாரிப்பு எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன். அதற்கெல்லாம் எனக்கு இப்போது மனசு இல்லை. லைன் நன்றாகத்தான் இருக்கிறது. நான்தான் வைத்தேன்.

அன்று இடி இடிக்கவில்லை. டிசம்பரில் இப்படி ஒரு வெயிலா என்று ஊரே மெத்தைகளை மாடியில் காயப்போட்ட நாள் அது. நானும் காலையில் வீட்டுக்கு ஓடிவந்து காயப்போட்டுவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன். அதனால்தான் அவர் போன நேரத்துக்கு நான் பக்கத்தில் இல்லாமல் போனேன். எனக்குத் தெரியாதா அன்று வானம் எப்படி இருந்தது என்று? டகாவோகாவில் மட்டும் வேறு வானமா?

சாவு வீட்டில் நீங்கள் எழுந்து நின்று, “என் அண்ணன் மீன் எழுப்பும் இடியைக் கேட்டுக்கொண்டே கண்ணை மூடினார்” என்று பேசினீர்கள். எல்லாரும் கைக்குட்டையை எடுத்தார்கள். போகட்டும், கூட்டத்தைப் பார்த்தால் உங்கள் வாய் சும்மா இருக்காது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது அந்த இடியை அவர் வாயிலேயே திணித்துவிட்டீர்களா?

முந்தின நாள் இரவு அவர் சொன்னது இது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, மாத்திரை உறையின் பின்பக்கத்தில் எழுதினேன். சொன்னதும் படித்துக் காட்டச் சொன்னார், காட்டினேன், தலையாட்டினார்:

இன்னும் வரவில்லை—
செருப்புச் சத்தம் எல்லாம்
அடுத்த அறைக்கு

‘இன்னும் வரவில்லை’ எங்கே? அதை யார் எடுத்தது? நீங்கள் தூக்கிப் போட்டது சும்மா ஒரு வரி இல்லை. அந்த மனுஷன் கடைசியாகச் சொன்னதே அதுதான். அதைத் திரும்ப வையுங்கள். முடியாது என்றால் கவிதையையே எடுத்துவிடுங்கள். பொய்யோடு அவர் பெயர் அச்சில் வர நான் சம்மதிக்க மாட்டேன்.

புகைப்படம் ஐஸ் தொழிற்சாலைச் சீருடையில் இருப்பதுதான் இருக்கிறது. அனுப்பவில்லை.

ஹமாதானி கினுயோ


டகாவோகா
1996 செப்டம்பர் 24

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

இரவும் பகலும் சமமாகும் நாட்கள். அண்ணன் கல்லறைக்கு நேற்று வந்து பூ வைத்தேன். உங்கள் பூ ஏற்கெனவே இருந்தது. வீட்டுக் கதவு வரைக்கும் வந்தேன், மணியை அடிக்கவில்லை.

முதலில் ஒன்று கேட்கிறேன். நான் எப்போது ‘திரு. ஹமாதானி’ ஆனேன்? எப்போது ‘நீங்கள்’ ஆனேன்? நீங்கள் இந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வந்தபோது நான் பள்ளிக்கூடப் பையன். எனக்குச் சாப்பாட்டு டப்பா கட்டிக் கொடுத்து, “டேய், ஊறுகாயை மட்டும் தின்னுட்டு மீனைக் கொண்டு வந்தே, தொலைச்சுடுவேன்” என்று விரட்டியவர் நீங்கள். கோபம் இருந்தால் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். இந்த மரியாதை எனக்கு வேண்டாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இது பருவச்சொல் அகராதி. பருவச்சொல் இல்லாத கவிதைக்கு இதில் இடம் எங்கே? எந்தப் பகுதியில் வைப்பேன்? வசந்தத்திலா, கோடையிலா? இந்த விதியை நான் போடவில்லை. ‘உப்புக் காற்று’ முதல் இதழின் முதல் பக்கத்தில் போட்டவர் உங்கள் கணவர். பருவச்சொல் இல்லாமல் யாராவது கவிதை கொண்டுவந்தால் கூட்டத்தின் நடுவில் வைத்து, “இதை ஒரு மனுஷன் எழுதினான்னு தெரியுது, எந்த ஊர்ல எந்தக் காத்துல நின்னு எழுதினான்னு தெரியலையே” என்று சிரிப்பார். மருந்துக்கடை மியாகே ஒருமுறை அழுதேவிட்டார். அப்படிப்பட்டவரின் கடைசிக் கவிதையை விதி மீறியதாக ஊர் பார்க்கட்டுமா? நாளைக்கு மியாகேவே வாய் பொத்திச் சிரிப்பார்.

அன்று இடி இடித்ததா இல்லையா என்பது வானிலை நிலையத்தின் கவலை. டிசம்பர், ஹிமி, கடல் பார்த்த ஜன்னல். இடி இருந்திருக்கலாம். கவிதைக்கு அது போதும். ‘இன்னும் வரவில்லை’ என்பது வெறும் பேச்சு. யார் வரவில்லை, என்ன வரவில்லை, எதுவும் அதில் இல்லை. டாக்டரா? கஞ்சியா? திருத்தியதால் கவிதை உயர்ந்திருக்கிறது. நிதானமாகப் படித்துப் பாருங்கள்.

தாள் அச்சுக்கூடத்துக்குப் போய்விட்டது.

ரென்சோ


ஹிமி
1996 அக்டோபர் 2

திரு. ஹமாதானி ரென்சோ அவர்களுக்கு,

இந்த முறையும் பருவம் விசாரிக்கப் போவதில்லை.

யார் வரவில்லை என்றா கேட்கிறீர்கள்? டாக்டரா, கஞ்சியா என்று நக்கல் வேறு. பள்ளிக்கூடத்தில் பையன்களுக்குக் கவிதைக்குப் பொருள் சொல்லிக் கொடுத்தவருக்கு இதற்குப் பொருள் தெரியவில்லை. சரி, நான் சொல்கிறேன்.

நீங்கள்.

நீங்கள் வரவில்லை. நவம்பர் முழுக்க அந்த மனுஷன் கதவைப் பார்த்துப் படுத்திருந்தார். ஜன்னல் பக்கம் கட்டிலைத் திருப்பலாம், கடல் தெரியும் என்று நர்ஸ் சொன்னாள். வேண்டாம் என்றார். நீங்கள் எழுதியிருக்கிறீர்களே கடல் பார்த்த ஜன்னல், அதை அவர் திரும்பியே பார்க்கவில்லை. பக்கத்து அறையில் ஒரு செம்படவக் கிழவர், அவருக்குப் பிள்ளைகள், பேரன்கள், பங்காளிகள் என்று வரிசையாக வந்துகொண்டே இருப்பார்கள். தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் இவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்குவார். “ரென்சோ குதியைத் தேய்ச்சு நடப்பான். சின்ன வயசுலேர்ந்து எத்தனை தரம் சொல்லியும் திருந்தல. இது அவன் இல்ல” என்பார். தலை மறுபடி தலையணைக்குப் போகும். இதை நான் தினமும் பார்த்தேன்.

நான் உங்களைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். “கூப்பிட்டா வர்றவன் விருந்தாளி. தம்பி தானா வருவான்” என்றார். சத்தியம் வாங்கிக்கொண்டார். டகாவோகாவிலிருந்து ரயிலில் அரை மணி நேரம். கவிதைக் கூட்டத்துக்கு நாகோயா வரை போகத் தெரிந்த கால்களுக்கு ஹிமிக்கு வர வழி தெரியவில்லை.

அந்த ஒரு வரி உங்களைப் பற்றியது. அதைத்தான் பென்சிலால் அடித்து, அந்த இடத்தில் இடியை வைத்தீர்கள். கவிதை உயர்ந்திருக்கிறதாம்! உங்களுக்கு அது வசதியாகத்தான் இருக்கும்.

ஹமாதானி கினுயோ


டகாவோகா
1996 அக்டோபர் 5

அண்ணி,

நானும் இன்று வானத்தைப் பற்றி எழுதப்போவதில்லை.

உங்கள் கடிதத்தை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். ஹிமி ரயில் வந்தது, ஏறவில்லை, போனது. அடுத்ததும் போனது.

நீங்கள் ஏன் சொல்லவில்லை? போனில் கேட்டபோது, “சாப்பிடுறார், பரவாயில்ல” என்றீர்களே! சத்தியமாம், பெரிய சத்தியம். செத்துக்கொண்டிருக்கிறவர் வீம்பு பிடித்தால் நீங்களும் சேர்ந்து வீம்பு பிடிப்பீர்களா? அந்த வரி என்னைப் பற்றியது என்று எனக்குத் தெரியாது. நம்பினால் நம்புங்கள். ஒரு கவிதை கைக்கு வருகிறது, பருவச்சொல் இல்லை, எந்த வரி பலவீனம் என்று கண் தேடுகிறது, முதல் வரி என்கிறது, கை அடிக்கிறது. நான் படிக்கவே இல்லை, திருத்தினேன். அதை எனக்குப் பழக்கியது யார்?

நான் ஏன் வரவில்லை என்பதற்கு எனக்கும் ஒரு காரணம் இருக்கிறது. வேண்டாம் வேண்டாம் என்றுதான் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீங்கள் கிளறிவிட்டீர்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

என் மகள் நவோ கைக்குழந்தையாகவே இறந்துபோனாளே, அந்த வருஷம் நான் ஒரு கவிதை எழுதினேன். வேறு யாருக்கும் காட்டவில்லை, அண்ணனிடம் மட்டும் கொடுத்தேன்:

குடித்தவள் இல்லை—
பால் புட்டியை இன்றும்
கழுவி வைத்தாள்

அவர் அதைப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். முதல் வரியை அடித்துவிட்டு ‘காலைப் பனித்துளி’ என்று எழுதினார். “இப்பதான்டா இது கவிதை” என்றார். எனக்குத் தெரியாமல் நாகோயா கவிதைப் போட்டிக்கு அனுப்பினார், பரிசு வந்தது. மேடையில் யார் யாரோ அந்தப் பனித்துளியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். எவ்வளவு மென்மையான பனித்துளி என்றார்கள். என் பெண் அதில் எங்கே இருக்கிறாள்? அவளைத்தானே அவர் அடித்தார்! என் மனைவி அந்தப் பரிசுக் கேடயத்தைத் துணி அலமாரியின் அடியில் கவிழ்த்து வைத்திருக்கிறாள். இன்றுவரை நிமிர்த்தியதில்லை.

ஒரு நாள், ஒரே ஒரு நாள், “தப்பு பண்ணிட்டேன்டா” என்று சொல்வார் என்று காத்திருந்தேன். இதழை ஓட்டினேன், கூட்டம் நடத்தினேன், அவர் பின்னாலேயே திரிந்தேன். அவர் சொல்லவே இல்லை. போன நவம்பரில் எனக்கு ஒன்று தோன்றியது. கூப்பிடட்டும், கூப்பிட்டால் போவேன், அப்போதாவது சொல்கிறாரா பார்ப்போம் என்று. அவரும் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை. இப்போது என்னை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள்.

ரென்சோ


ஹிமி
1996 அக்டோபர் 21
(தபால் அட்டை)

திரு. ஹமாதானி ரென்சோ அவர்களுக்கு,

அட்டையில் எழுதுகிறேன். தபால்காரர் படித்தால் படிக்கட்டும்.

உங்கள் மனைவி அந்தப் புட்டியைக் கழுவியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தவள். பத்திரிகையில் கவிதை வந்ததும், “இதுல பனித்துளி எங்கேர்ந்து வந்துச்சு? அடுப்படியில ஏது பனி?” என்று அவரைக் கேட்டேன். “நீ உன் வேலையைப் பாரு” என்றார். அது அநியாயம். இதை அன்றே உங்களிடம் சொல்லியிருக்கலாம். புருஷனை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

ஆனால் அவர் உங்கள் மகளை அடித்தார் என்று நீங்கள் அவரை அடிப்பீர்களா? ஒரே பென்சிலா அண்ணனுக்கும் தம்பிக்கும்? திருத்தித் திருத்தி உங்கள் அகராதியில் இடியும் பனியும் மட்டும்தான் மிஞ்சும்.

டிசம்பர் 12-க்குக் கோயிலில் வெளியீடு வைத்தால் நான் வரமாட்டேன். வீட்டிலேயே பிரார்த்தனை வைத்துக்கொள்கிறேன். கோயில் குருவிடம் சொல்லியாயிற்று. இனி எழுத வேண்டாம்.

கினுயோ


டகாவோகா
1996 நவம்பர் 19

அண்ணிக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இது ஒன்றைப் படித்துவிட்டுக் கிழித்துப் போடுங்கள்.

தாளை அச்சுக்கூடத்திலிருந்து திரும்ப வாங்கிவிட்டேன். ‘மீன் எழுப்பும் இடி’ பக்கத்தில் இப்போது வேறொருவர் கவிதை தலையில் நிற்கிறது. மியாகேவுடையது. சுமாரான கவிதை. ஆனால் அவர் நிஜமாகவே இடியைக் கேட்டு எழுதினார், வலை இழுக்கும் படகில் மழையில் நனைந்துகொண்டு.

புத்தகத்தில் புத்தாண்டுப் பகுதிக்குப் பிறகு ஆறாவதாக ஒரு பகுதி சேர்த்திருக்கிறேன். ஒரே ஒரு தாள். ‘பருவம் இல்லாதவை’ என்று தலைப்பு. அதில் இரண்டு கவிதைகள் மட்டும். ‘இன்னும் வரவில்லை’ என்று தொடங்குவது ஒன்று, ‘குடித்தவள் இல்லை’ என்று தொடங்குவது ஒன்று. இரண்டும் சொன்னவர்கள் சொன்னபடி.

வட்டத்தில் கொந்தளித்துவிட்டார்கள். “நிறுவனர் போட்ட விதியை அவர் நினைவு நாளிலேயே குப்பையில் போடுவதா? பருவச்சொல் அகராதியில் பருவம் இல்லாத பக்கமா? ஊர் கைகொட்டிச் சிரிக்காதா?” என்று மியாகே மேசையைத் தட்டினார். விதியை மீறுகிற தலைவர் வேண்டாம் என்று எழுந்து சொன்னார். கை தூக்கச் சொன்னேன், தூக்கினார்கள். அந்தத் தாள் இருந்தால் வெளியீட்டுக்கு யாரும் வரமாட்டார்களாம், வேண்டாம் என்றேன். தாள் இருக்கும், நான் இருக்க மாட்டேன் என்று முடிந்தது. அடுத்த இதழிலிருந்து அட்டையில் என் பெயர் இல்லை. இத்தனை வருஷம் இந்த வட்டத்தை என் முதுகில் சுமந்தேன், அண்ணி. வீட்டுக்கு நடந்துவரும்போது முதுகு லேசாகத்தான் இருந்தது, அதுவும் எரிச்சலாக இருந்தது.

நீங்கள் ஜெயித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். உங்களுக்குப் பயந்து செய்யவில்லை. போனில் நீங்கள் உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தத் தாளுக்கே அவசியம் வந்திருக்காது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது, இருக்கும்.

அச்சடித்த தாளை என் மனைவியிடம் காட்டினேன். படித்தாள். சாயங்காலம் பார்க்கிறேன், அலமாரிக்கு அடியில் இருந்த கேடயம் குப்பை மூட்டையில் கிடக்கிறது.

டிசம்பர் 12-க்கு நீங்கள் கூப்பிடப் போவதில்லை என்று தெரியும். கூப்பிட வேண்டாம்.

ரென்சோ


ஹிமி
1996 டிசம்பர் 2

அன்புள்ள ரென்சோவுக்கு,

நேற்று மதியம் கடலில் முதல் இடி இடித்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. துறைமுகத்தில் ஐஸ் தொழிற்சாலைச் சங்கு ஊதியது, இன்று காலை மஞ்சள்வால் மீன் வந்துவிட்டது. அங்கேயும் கேட்டிருக்கும். குளிர் தொடங்கிவிட்டது, உன் மனைவியின் மூட்டு வலியைப் பார்த்துக்கொள். இது நிஜமான இடி, யாரும் நடுவில் சேர்த்தது இல்லை. அதனால்தான் பருவம் விசாரித்து எழுதுகிறேன்.

நீ அனுப்பிய தாள் வந்தது. அவர் படத்துக்கு முன்னால் வைத்து, இரண்டு கவிதையையும் சத்தமாகப் படித்தேன். உன்னுடையதை இரண்டு தரம் படித்தேன், அவர் காதில் விழட்டும் என்று. அவர் உனக்குச் சொல்லாததை நான் அவருக்குப் பதிலாகச் சொல்ல முடியாது. அவர் சார்பில் மன்னிப்புக் கேட்கிற பழக்கமும் எனக்கு இல்லை.

தலைவர் பதவி போனது நல்லதுதான். உனக்கு அந்த நாற்காலி பொருந்தவே இல்லை. மியாகே உட்காரட்டும், அவருக்கு இடுப்பு அகலம்.

போனில் நான் சொன்னது பொய்தான். சத்தியத்துக்காகச் சொன்னேன் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். நீ கோபமாகவே இரு. நானும் இருக்கிறேன். நவம்பர் முழுக்கக் கதவைப் பார்த்துக்கொண்டு கிடந்த அந்தத் தலை என் கண்ணை விட்டுப் போகாது. மன்னிப்புக் கிடைக்கும் என்று யாரும் இந்த வீட்டுக்கு வர வேண்டாம். சாப்பாடு கிடைக்கும். மீனை முள்ளங்கி போட்டு வேகவைக்கப் போகிறேன். மீனை முழுசாகத் தின்ன வேண்டும், ஊறுகாயை மட்டும் தின்றுவிட்டுப் போனால் தொலைத்துவிடுவேன்.

நான் கூப்பிடவில்லை. அவர் கூப்பிட வேண்டாம் என்றார், அந்தச் சத்தியம் இன்னும் இருக்கிறது. 12-ஆம் தேதி காலையிலிருந்து கதவைத் திறந்து வைத்திருப்பேன். வாசலில் புதுச் செருப்பு ஒரு ஜோடி போட்டிருக்கிறேன், உன் அளவு. அவர் படம் நடு அறையில் இருக்கிறது. குதியைத் தேய்த்துக்கொண்டே நடந்து வா. அடுத்த அறைக்குப் போய்விடாதே.

அண்ணி